யாழினியின் சம்பளச் சீட்டு

‘தீபன்’ படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை தனியாக. இரண்டாம் முறை வரிச்சிக்குடியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், தெருப் பெண்கள் மூன்று பேருடன். அவர்களில் ஒருவர் பாரிசுக்கு வெளியே 11 ஆண்டுகள் வயதானவர்களின் வீடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். யாழினி அந்த முதியவரின் வீட்டுக்கு வேலைக்குப் போகத் தொடங்கும் இடத்தில் அக்கா கேட்டார்: “அந்தப் பொண்ணுக்கு ஃபிஷ் தெ பே குடுக்குறாங்களா?” சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று. படம் முடியும்வரை அதற்குப் பதில் வரவில்லை. முதல் முறை பார்த்தபோது எனக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஜாக் ஓதியார் இயக்கியது. 2015 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. ஈழப்போரில் தோற்ற போராளி ஒருவன், அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண், தாயில்லாத ஒரு சிறுமி. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் இவர்கள் கைக்கு வருகின்றன. அந்தக் கடவுச்சீட்டுகளுக்குப் பொருந்துவதற்காக மூவரும் கணவன், மனைவி, மகள் ஆகிறார்கள். சிறுமியைக் கண்டுபிடிக்கும் வேலை பெண்ணுடையது: அகதி முகாமில் கூடாரம் கூடாரமாக, தாயில்லாத பெண்பிள்ளை உண்டா என்று விசாரித்துக்கொண்டு யாழினி நடக்கிறாள். ஒரு நாட்டுக்குள் நுழைய முதலில் குடும்பம் வேண்டும், குடும்பத்தைத் திரட்டித் தர வேண்டியவள் பெண். படத்தின் மிகக் கூர்மையான பத்து நிமிடங்கள் அவை. காளீஸ்வரி சீனிவாசன் அந்த நடையிலேயே தன் பாத்திரத்தை நிறுத்திவிடுகிறார்.

அக்காவுக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் தோன்றியது என்பது காரைக்கால் கதை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் இந்தியர். 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் எந்த நாட்டவர் என்பதைத் தந்தையின் எழுத்து முடிவு செய்யும். தந்தை இறந்திருந்தால் மட்டுமே தாயின் எழுத்து. 16 வயதைத் தாண்டிய, மணமான ஆண்பிள்ளை தானே முடிவெடுக்கலாம் என்று ஒப்பந்தம் தனியாகச் சொல்கிறது. ஆண்பிள்ளை என்றுதான் சொல்கிறது.

அந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட்ட வீடும் போடாத வீடும் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் துபாயிலோ திருப்பூரிலோ. பழைய சொல்தா குடும்பங்களில் அவர் பென்ஷனும், அவர் போன பிறகு அதில் பாதி மனைவிக்கும் வரும். அந்தப் பாதி வர, பதிவேட்டில் திருமணம் இருக்க வேண்டும். தாலி கட்டியதைப் பார்த்த ஊர் முழுக்க உயிரோடு இருந்தாலும் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பயனில்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் திருமணம் என்பது ஒரு காகிதம் என்பது ஓதியார் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண் பார்க்க வரும்போதே மாப்பிள்ளையின் குடியுரிமையைக் கேட்டு, அதற்கேற்பச் சீரைக் கூட்டிப் பேசிய ஊர் இது.

கடல் கடந்த கணவனும் எங்களுக்குப் புதியவனல்ல. ஒவ்வோர் ஆனி மாதமும் மாங்கனித் திருவிழாவில் நாங்கள் கொண்டாடும் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வாணிகம் செய்யக் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைத்தவன். அம்மையார் உடம்பையே வேண்டாமென்று விட்டார். எல்லாருக்கும் அது முடியாது. உடம்பு இருக்கும்வரை டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது.

அக்கா போனது கணவரின் பின்னால். பிரான்சில் அப்போது மருத்துவக் காப்பீட்டில் ஒரு சொல் இருந்தது: அயான் திருவா. உரிமை உடையவர் என்பது அதன் நேர்ப்பொருள். நடைமுறையில் அதற்கு எதிரான பொருள். வேலை செய்து சந்தா கட்டுபவர் ஒருவர். அவர் வழியாகக் காப்பீடு பெறும் மனைவியும் பிள்ளைகளும் அயான் திருவா. மனைவிக்கு வைத்தியம் கிடைக்கும், குறையில்லை. ஆனால் அவள் கணவனின் எண்ணின் கீழ் ஒரு வரி. டாக்டருக்குக் கொடுத்த பணம் திரும்பி வருவது அவன் கணக்குக்கு. எந்தத் தேதியில் எந்த மருத்துவச் செலவு என்ற அறிக்கை அவன் பெயரில் வரும். கணவனுக்குத் தெரியாமல் ஒரு பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க நினைத்தால், ஏன் நினைக்க நேர்கிறது என்று இந்தத் தொகுப்பின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அந்தக் காகிதம் வீட்டுக்குள் வந்து நிற்கும்.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு விளைவைத்தான் அக்காவிடமிருந்து கற்றேன். முதல் நான்கு ஆண்டுகள் அவர் இரண்டு வீடுகளில் சீட்டில்லாமல் வேலை செய்தார். சம்பளம் உறையில். ஏன் கேட்கவில்லை என்றேன். “எதுக்குக் கேக்கணும்? ஒடம்புக்கு வந்தா அவரு கார்டு இருந்துச்சே.” கணவரின் அட்டை நோயைப் பார்த்துக்கொண்டது, அதனால் தன் உழைப்பு எங்கும் பதிவாகவில்லை என்பது நான்கு ஆண்டுகள் அவர் கண்ணில் படவில்லை. காய்ச்சலுக்கு மனைவி என்ற இடம் போதும். முதுமைக்குப் போதாது. பிரெஞ்சு ஓய்வூதியம் காலாண்டுக் கணக்கில் சேர்கிறது. 2014 முதல் 150 மணி நேரக் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையான தொகை பதிவானால் ஒரு காலாண்டு. 600 மணி நேரத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும். வாரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம்தான் அது. அக்கா அந்த நான்கு ஆண்டுகளும் அதைவிடப் பல மடங்கு வேலை செய்தவர். இன்று அவருடைய பணிக்காலப் பட்டியலில் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. மற்ற நான்கும் கழுவிய பாத்திரங்களோடு போயின.

இப்போது யாழினிக்குத் திரும்பலாம். ஹபீப் பெரும்பாலும் பேசாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத முதியவர். அவருக்குச் சமைத்து, வீட்டைத் துப்புரவாக்கி, பக்கத்தில் இருப்பது அவள் வேலை. சம்பளத் தொகையைக் கேட்டு அவள் வியந்து மகிழ்கிறாள். பார்க்கும் நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்த வேலைக்குப் பிரான்சில் சட்டப்படியான வழி இருக்கிறது. தானே இயங்க முடியாத 60 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுப் பராமரிப்புச் செலவில் மாவட்ட நிர்வாகம் பங்கு தரும் உதவித்தொகை 2002இலிருந்து நடைமுறையில் உண்டு. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர் மணி நேரத்தைப் பதிவு செய்ய செசு என்ற எளிய முறை உண்டு; பதிவு செய்தால் சம்பளச் சீட்டு தானாக வந்துவிடும். ஓதியார் இதையெல்லாம் விளக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. சினிமா அரசு அலுவலகத் துண்டறிக்கை அல்ல. ஆனால் தீபனுக்கு வேலை வரும்போது படம் எப்படிப் பார்க்கிறது? குடியிருப்பின் காவலாளி என்ற பதவி, சாவிகள், தபால் பெட்டிகள், தள்ளுவண்டி, பழுது பார்க்கும் கருவிகள். அவனுடைய வேலைக்கு ஓர் அமைப்பு இருக்கிறது, எல்லை இருக்கிறது. பிறகு அவன் அந்தக் குடியிருப்பில் வெள்ளைக் கோடு போட்டு, இதைத் தாண்டிச் சுடாதே என்கிறான். யாழினியின் வேலைக்குச் சமையலறையும் ஒரு நாற்காலியும்தான். அவள் செய்வது வேலையாகத் தொடங்கி, விரைவில் உறவாக மாற்றப்பட்டுவிடுகிறது. கிழவருக்கு அவள் சமையல் பிடித்துவிட்டது, அவர் குடும்பத்து இளைஞன் பிராஹிம் அவளுடன் பேசத் தொடங்குகிறான். அவன் காலில் மின்னணுக் கண்காணிப்பு வளையம். அவளுக்கு அவன் மொழி சரியாகத் தெரியாது, அவனுக்குத் தமிழ் அறவே தெரியாது. இருவரும் தத்தம் மொழியில் பேசிக்கொள்ளும் அந்த இடம் அழகானது, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கதையைச் சொல்லத் தொடங்கும் எந்தப் படமும் ஏன் பத்தாவது நிமிடத்தில் வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டு ஆணின் பார்வைக்கு வந்து சேர்கிறது? நம் ஊர்ப் படங்களிலும் இதே கதிதான்.

அந்தப் பணம் எப்படி வந்திருந்தாலும், இன்னொரு சிக்கல் இருக்கிறது. யாழினி இருப்பது இறந்துபோன ஒருத்தியின் பெயரில். அகதியாக ஏற்கப்பட்டவர்களின் சொந்த நாட்டுப் பதிவுகளைக் கேட்க முடியாது என்பதால், அவர்களுடைய பிறப்பு, திருமணச் சான்றுகளைப் பிரான்சில் ஓஃப்ப்ரா என்ற அகதிகள் அலுவலகமே புதிதாக எழுதித் தருகிறது. அடிப்படை, அவர்கள் கொடுக்கும் வாக்குமூலம். இந்த மூவரையும் அந்த அலுவலகம் ஏற்றுக்கொண்டால், கடவுச்சீட்டுக்காகச் சொன்ன பொய்த் திருமணம் பிரெஞ்சுக் குடியரசின் கண்ணில் மெய்த் திருமணமாகிவிடும். அவள் கட்டும் ஒவ்வொரு சந்தாவும், சேர்க்கும் ஒவ்வொரு காலாண்டும் இறந்தவளின் கணக்கில் ஏறும். சொந்தப் பெயருக்குத் திரும்ப நினைத்தால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். அகதி உரிமையே ஆட்டம் காணும். திரும்பாவிட்டால், தீபன் இறந்த பிறகு கைம்பெண் பென்ஷன் அவளுக்கு வரும். பொதுத் திட்டத்தில் அது கணவனின் ஓய்வூதியத்தில் 54 விழுக்காடு, 55 வயதுக்கு மேல், வருமான வரம்புக்கு உட்பட்டு. மணமானவர்களுக்கு மட்டும்; சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இல்லை. முகாமில் ஒரு நொடியில் முடிவான அந்தப் ‘மனைவி’ என்ற சொல்தான் அவள் கையில் இருக்கும் ஒரே சொத்து.

படம் இதை ஒரு காதல் கதையாகப் பார்க்கிறது. பொய்க் குடும்பம் மெய்க் குடும்பமாகிறதா என்பதே அதன் கவலை. பெரும்பாலான விமர்சனங்களும் அதையும், இறுதி வன்முறையையும்தான் பேசின. தஞ்சம் கோரும் நேர்காணலில் நம் முன் உட்கார்ந்திருப்பது தீபன். கதையை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லித் தருவதும் அவனுக்கே. தன் உறவுக்காரி இருக்கும் இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று யாழினி தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் ரயில் நிலையம்வரை போயும்விடுகிறாள். அவன் வந்து தடுக்கிறான். அந்த இடத்தில் கூடத்தில் யாரும் பேசவில்லை. கடவுச்சீட்டு கணவரின் அலமாரியில் பூட்டியிருந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கணவன் கையில் கடவுச்சீட்டு இருப்பதை நாம் கொடுமை என்போம். திரையில் அதுவே காதலின் தவிப்பாகத் தோன்றும்படி இசையும் வெளிச்சமும் சேர்ந்துவிடுகின்றன.

சிறுமி இளையாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் முதலில் மொழி கற்பவள் அவள். புலம்பெயர்ந்த எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம், ஆஸ்பத்திரியிலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். அக்காவின் மகளுக்கு ஒன்பது வயதில் கர்ப்பப்பை என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியும். தமிழ்ச் சொல் தெரியாது. அம்மாவுக்குக் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவள், “அம்மா, உள்ள ஏதோ உருண்டை இருக்காம்” என்று சொன்னாளாம். ஆறாம் மாதம் முதல் கர்ப்பிணியின் மருத்துவச் செலவு முழுவதையும் காப்பீடு ஏற்கும், தாய்சேய் நல மையங்களில் பணமே கேட்க மாட்டார்கள். இவையெல்லாம் பிரான்சின் பெருமைகள், உண்மையான பெருமைகள். அவற்றின் வாசலில் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை நின்றுகொண்டு தாயின் உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

படம் வெளியாகி சில மாதங்களில், 2016 ஜனவரி 1 அன்று, பிரான்ஸ் மருத்துவக் காப்பீட்டு முறையை மாற்றியது. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், நிலையாகவும் சட்டப்படியும் வசிக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் காப்பீடு. பெரியவர்களுக்கு அயான் திருவா என்ற நிலை ஒழிந்தது. பழையவர்கள் மாற 2019 முடிய அவகாசம். மனைவிக்குத் தனி எண், தனிக் கணக்கு. பெண்ணியர்கள் நெடுங்காலம் கேட்டது இது. நானும் கைதட்டுவேன். ஆனால் ‘சட்டப்படியும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கணவனின் எண்ணிலிருந்து விடுபட்டவளின் வசிப்பு அனுமதி, கணவனோடு சேர்ந்து வாழ்வதைக் காட்டினால்தான் புதுப்பிக்கப்படுகிறது. வன்முறை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. நிரூபிக்க வேண்டியவள் அவள். முன்வாசலில் எடுத்த கயிறு கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே ஒரு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு, 2011 ஜூலை 1 முதல். இரு நாட்டிலும் சந்தா கட்டிய காலத்தைக் கூட்டிப் பார்த்து ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிடலாம். பொறியாளர்களுக்கு நல்லது. வரிச்சிக்குடியில் பதினைந்து ஆண்டுகள் நடவு நட்டு, களை பறித்துவிட்டுப் போன பெண்ணுக்கு வருங்கால வைப்புநிதி எண் ஏது? கூட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் பூஜ்யம்.

இனி அந்தக் கடைசிக் காட்சி. புகையும் ரத்தமுமாக மாடியேறி யாழினியை மீட்கிறான் தீபன். உடனே இங்கிலாந்து. வெயில், புல்வெளி, உறவுக்கூட்டம், கையில் குழந்தை. அவள் விரல்கள் அவன் தலையைக் கோதுகின்றன. இது கனவா நனவா என்று நிறைய எழுதிவிட்டார்கள். பிரான்சை நரகமாகவும் இங்கிலாந்தைச் சொர்க்கமாகவும் காட்டியது பலருக்கு உறுத்தியது. எனக்கு உறுத்துவது அந்தக் குழந்தை. பிரான்சில் கிடைத்த அகதி உரிமை கடலுக்கு அந்தப் பக்கம் குடியேறும் உரிமையைத் தராது. ஆகவே, சொல்லாமல் விட்ட வேறேதோ அனுமதி கிடைத்திருந்தால் ஒழிய, யாழினி அங்கே ஆவணமற்றவள். படம் கானில் திரையிடப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2015 ஏப்ரல் 6 முதல், இங்கிலாந்தில் சட்டப்படி வசிக்காத, ஐரோப்பியரல்லாதவர்களிடம் ஆஸ்பத்திரிச் செலவில் ஒன்றரை மடங்கு கேட்கும் விதி வந்தது. அதே நாளில், நீண்ட கால விசா கேட்போருக்கு ஆண்டுக்கு 200 பவுன் மருத்துவ வரியும் வந்தது. குடும்ப டாக்டரைப் பார்ப்பது இலவசம், அவசரப் பிரிவு இலவசம். பிரசவம் இலவசம் இல்லை. வலியோடு வருபவளைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பில் பிறகு வீட்டுக்கு வரும். கட்டாமல் நிலுவை வைத்தால் குடியேற்றத் துறைக்குத் தகவல் போகலாம். அதற்குப் பயந்து கர்ப்ப காலப் பரிசோதனைக்கே போகாத பெண்கள் இருக்கிறார்கள். ஓதியாரின் சொர்க்கத்தில் அந்தக் குழந்தை எங்கே பிறந்தது, யார் பணம் கட்டினார்கள்?

அநியாயமான கேள்வி என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஆணின் தோட்டாக்களைப் படம் எண்ணிக்கொண்டே வருகிறது. இதையும் எண்ணலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இத்தனையையும் கேட்க வைத்ததும் இந்தப் படம்தான். மற்றப் பெண்கள் முக்காடு போட்டிருப்பதைப் பார்த்து யாழினி தானும் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளே, அதைப் பார்த்து கூடத்தில் எல்லாரும் சிரித்தோம். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். போன புதிதில் அவரும் அதைத்தான் செய்தாராம். தமிழ் பேசி, தமிழில் எரிச்சல்பட்டு, உனக்கு நகைச்சுவையே வராது என்று ஆணிடம் தமிழிலேயே சொல்லும் ஒரு பெண்ணை உலகத் திரையில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

படம் முடிந்ததும் அக்கா பையிலிருந்து தன் காகிதங்களை எடுத்தார். பிரான்சை விட்டு வந்ததும் மருத்துவ அட்டை செல்லாமல் போயிற்று. ஆண்டில் ஆறு மாதமாவது அங்கே வசித்தால்தான் அது. குறைந்த வருமான முதியோருக்கான உதவித்தொகைக்கு 2023 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதத்துக்கு மேல் வசிக்க வேண்டும். பேத்தியைப் பார்க்க ஊருக்கு வந்து நாலு மாதம் தங்கினால் அதற்கும் வழியில்லை. ஏழு ஆண்டுகளுக்கான சிறு ஓய்வூதியத்தை வெட்டில்லாமல் வாங்க 67 வயதுவரை காத்திருக்க வேண்டும். அவருக்கு இப்போது 61.

கூடவே இருந்த பெரியம்மா, ஒரு சொல்தாவின் மனைவி, தன்னுடையதையும் நீட்டினார். உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய சான்று. அதை நான்தான் வழக்கமாக நிரப்பித் தருவேன். பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் பெயர் தகப்பன் பெயரோடு ஒரு விதமாக, ஆதாரில் கணவர் பெயரோடு வேறு விதமாக, ரேஷன் கார்டில் அழைக்கும் பெயர். பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது வழக்கம்போலக் கேட்டேன்.

“போன வருசம் எதை எழுதுன?” என்றார் பெரியம்மா.

போன வருடப் படியைத் தேடி எடுத்துப் பார்த்து, அதில் இருந்ததையே எழுதினேன்.